லினக்ஸ் மட்டுமே கையில் இருக்கும்போது விண்டோஸ் பென்டிரைவ் தயாரிப்பது எப்படி?

தம்பிக்கு வணக்கம். உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

பல்லடம் பக்கம் உங்கள் மாமா நடத்தும் பனியன் யூனிட்டில், பில் போடும் கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிய எஸ்எஸ்டி வாங்கி மாட்டியாயிற்று. கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் விண்டோஸ் 11 போட வேண்டும். உங்களிடம் இருப்பதோ உபுண்டு மட்டும் உள்ள மடிக்கணினி. மூன்று முறை முயன்றிருக்கிறீர்கள். முதல் முறை, முன்பு உபுண்டுவுக்குச் செய்தது போலவே விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவும் வட்டின் நகல்) அப்படியே பென்டிரைவின் மேல் எழுதினீர்கள்; மாமாவின் கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாம் முறை, டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் ஒரு முறையான ஃபேட்32இல் ஃபார்மட் செய்து கோப்புகளை நகலெடுத்தீர்கள். ஒரே ஒரு கோப்பு மட்டும் மிகப் பெரியது என்று சொல்லி நின்றுவிட்டது. மூன்றாம் முறை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினீர்கள். எல்லாம் ஏறிவிட்டது, ஆனால் அதிலிருந்து கணினி பூட் ஆகவில்லை, அதாவது தொடங்கவில்லை. பென்டிரைவில் கோளாறா, ஐஎஸ்ஓவில் கோளாறா என்று கேட்கிறீர்கள்.

இரண்டிலும் இல்லை. மூன்று முயற்சியிலும் நீங்கள் பாதி தூரம் சரியாகவே போயிருக்கிறீர்கள். கோபிச்செட்டிபாளையத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த மூன்று தடங்கலோடும் கடைக்கு வருபவர்கள் நிறையப் பேர். எந்த மென்பொருளால் பென்டிரைவ் தயாரிப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, அந்தப் பென்டிரைவை யார் படிக்கப்போகிறார் என்பது.

கணினியின் பொத்தானை அழுத்திய அந்த நொடியில் விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேர் மட்டுமே விழித்திருக்கிறது. பழைய கணினிகளில் அதற்கு பயோஸ் என்று பெயர். அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, கடைசி இரண்டு பைட்டுகளில் குறிப்பிட்ட அடையாளம் இருந்தால் அந்தச் சிறு நிரலை ஓட்டும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கணினிகளில் யூஇஎஃப்ஐ இருக்கிறது. அது ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பிரிவைத் திறந்து, இஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஓட்டும். இல்லாவிட்டால் பென்டிரைவில் வேறு என்ன இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

உங்கள் மாமாவின் யூனிட்டிலேயே இதைப் பார்க்கலாம். கட்டிங் முடிந்து வரும் பண்டலில் லாட் எண்ணும் சைஸும் எழுதிய சீட்டு இல்லாவிட்டால், துணி எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவர் அதைத் தொட மாட்டார். உங்கள் பென்டிரைவில் சரக்கு சரியாகவே இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியவருக்குப் புரியும் இடத்தில் சீட்டு இல்லை.

இப்போது முதல் முயற்சியைப் பாருங்கள். ஐஎஸ்ஓ என்பது ஒரு வட்டின் முழு நகல். அந்த வடிவத்தின் விதிப்படி, கோப்பின் தொடக்கத்தில் 32 கேபி இடம் எதற்கும் பயன்படுத்தாமல் விடப்படுகிறது. டிவிடியிலிருந்து பூட் ஆவதற்கு அந்த இடம் தேவையில்லை. லினக்ஸ் வெளியீட்டாளர்கள் அந்தக் காலி இடத்தில் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது போன்ற, எந்தப் பிரிவு எங்கே என்று சொல்லும் பிரிவு அட்டவணையைப் பொருத்தி அனுப்புகிறார்கள். அதனால் அதே கோப்பை டிவிடியில் எரித்தாலும் வேலை செய்யும், பென்டிரைவில் பைட்டுக்குப் பைட் எழுதினாலும் வேலை செய்யும். மைக்ரோசாஃப்ட் தரும் ஐஎஸ்ஓவில் இந்த ஏற்பாடு இல்லை. அது டிவிடிக்கென்றே செய்யப்பட்டது. பென்டிரைவில் அப்படியே எழுதினால், பிரிவு அட்டவணை இல்லாத, யூடிஎஃப் என்ற வட்டு வடிவத்தில் உள்ள ஒன்றுதான் ஃபர்ம்வேர் கண்ணுக்குத் தெரியும். பைட்டுக்குப் பைட் எழுதும் டிடி என்ற லினக்ஸ் கட்டளையால் எழுதினாலும், பாலினா எட்சர் என்ற செயலியால் எழுதினாலும் முடிவு ஒன்றே.

இரண்டாவது முயற்சிதான் சரியான வழி. ஃபேட்32 முறையில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் குறித்துவைக்க 32 பிட் இடம்தான் உண்டு. ஆகவே ஒரு கோப்பு 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாக, அதாவது 4,29,49,67,295 பைட்டுகள் வரைதான் இருக்கலாம். விண்டோஸ் ஐஎஸ்ஓவில் சோர்சஸ் என்ற கோப்புறைக்குள் இன்ஸ்டால்.விம் என்று ஒரு கோப்பு இருக்கிறது. விண்டோஸ் மொத்தமும் அமுக்கி வைக்கப்பட்டிருப்பது அதில்தான். இப்போது வரும் பதிப்புகளில் அது அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. உங்களிடம் நின்றுபோன ஒரே கோப்பு அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவதில், பெரிய கோப்பு ஏற வேண்டும் என்று என்டிஎஃப்எஸ்ஸுக்குப் போனீர்கள். ஏறியது. ஆனால் ஃபேட் வடிவத்தைப் படித்தாக வேண்டும் என்பதே யூஇஎஃப்ஐ விதி. என்டிஎஃப்எஸ் படிப்பது மதர்போர்டு தயாரிப்பாளரின் விருப்பம். சிலர் அந்த வசதியைச் சேர்க்கிறார்கள், பலர் சேர்ப்பதில்லை. ‘என்டிஎஃப்எஸ் போட்டேன், எனக்கு வேலை செய்தது’ என்று ஒருவர் சொல்வதும், அதே முறை உங்கள் மாமாவின் கணினியில் தோற்பதும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. பென்டிரைவ் ஃபேட்32 ஆகவே இருக்கட்டும். அந்தப் பெரிய கோப்பைத் துண்டாக்குவோம். விண்டோஸ் நிறுவி துண்டாக்கிய கோப்பைத் தானே சேர்த்துப் படித்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்டே ஏற்பாடு செய்திருக்கும் வசதி அது.

தொடங்கும் முன் ஐஎஸ்ஓ முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்திலேயே ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும், கோப்பைச் சரிபார்க்க உதவும் எஸ்எச்ஏ-256 எண் கொடுத்திருக்கிறார்கள், 64 எழுத்துகள் கொண்ட நீளமான எண். உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து எஸ்எச்ஏ256சம் என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் உங்களிடம் உள்ள கோப்பின் எண் வரும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 5 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு. கைபேசி இணையத்தில் இறக்கும்போது நடுவில் அறுந்துபோவது சாதாரணம். நிறுவும்போது அறுபது விழுக்காட்டில் பிழை காட்டி நிற்கும் கணினிகளில் பலவற்றுக்கு இந்த ஒரு சோதனை போதுமாக இருந்திருக்கும்.

தயவுசெய்து ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்ட் தளத்தைத் தவிர வேறெங்கும் வாங்காதீர்கள். ‘எல்லாம் ஆக்டிவேட் செய்தது’ என்று ஒருவர் பென்டிரைவில் போட்டுத் தருவதை வாங்கி, ஜிஎஸ்டி தாக்கல் செய்யும், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் போடுவது எனக்குப் பயமாக இருக்கிறது. உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. உரிமத்தைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டியதில்லை. விண்டோஸோடு வாங்கிய கணினி என்றால், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே சாவி எண் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்து வருகிறது. டிஸ்க் மாறினாலும் அது போகாது. அதே ஹோம் அல்லது புரோ பதிப்பைப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானே ஏற்றுக்கொள்ளும்.

இப்போது பென்டிரைவ். 8 ஜிபி போதும் என்பார்கள். 16 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். செருகிவிட்டு, உபுண்டுவில் உள்ள டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்தால் இடது பக்கம் எல்லா டிஸ்க்குகளும் வரிசையாகத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்குக் கணினி சரிசெய்யப் போயிருந்தேன். அவர்களுடைய கணக்குகளை எடுத்துவைத்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் என் பென்டிரைவும் ஒரே மடிக்கணினியில் செருகியிருந்தன. லினக்ஸில் எப்போதும் எஸ்டிபி என்ற பெயரில் வரும் பென்டிரைவ், அன்று வெளி டிஸ்க் முதலில் செருகப்பட்டதால் எஸ்டிசி ஆகிவிட்டது. பழக்கத்தில் எஸ்டிபி என்று தட்டி டிடி கட்டளையை ஓட்டிவிட்டேன். பென்டிரைவின் விளக்கு சிமிட்டவில்லை. பக்கத்தில் இருந்த டிஸ்க்கின் நீல விளக்கு விடாமல் சிமிட்டியது. அதைக் கண்டதும் கேபிளைப் பிடுங்கினேன். அதற்குள் டிஸ்க்கின் தொடக்கப் பகுதி அழிந்திருந்தது. கோப்புகளில் ஒரு பகுதியை மீட்டெடுத்தேன். மீதியை மண்டியின் கணக்கர் கையெழுத்துப் பேரேட்டைப் பார்த்துத் திரும்பத் தட்டினார். பதினோரு நாள் ஆயிற்று. நானும் தினமும் மாலையில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொன்னேன்.

அன்றிலிருந்து பென்டிரைவ் தயாரிக்கும்போது வேறெந்த வெளி டிஸ்க்கும் என் கணினியில் செருகியிருக்காது. பெயரைப் பார்ப்பதில்லை, அளவைப் பார்க்கிறேன். 16 ஜிபி என்று தெரிகிறதா? பென்டிரைவைப் பிடுங்கினால் பட்டியலிலிருந்து அந்த வரி மறைகிறதா? திரும்பச் செருகினால் வருகிறதா? அதன் பிறகுதான் கை வைப்பேன். மாமாவின் பழைய ஹார்ட் டிஸ்க்கை இந்த வேலை முடியும்வரை உங்கள் மடிக்கணினியில் செருகவே வேண்டாம். அதில் பில் விவரங்கள் இருக்கின்றன. டிக் டிக் என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுத்துச் சோதிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் மீட்கும் வாய்ப்பு குறையும். துணியில் சுற்றி மேசை இழுப்பில் வையுங்கள். அதை மீட்பது தனி வேலை.

சரி. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள மெனுவில் முழு டிஸ்க்கையும் ஃபார்மட் செய்யும் வசதியை எடுத்து, பிரிவு அட்டவணை வகையாக ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கூட்டல் குறியை அழுத்தி, மொத்த இடத்துக்கும் ஒரே பிரிவாக, ஃபேட் வகையில் உருவாக்குங்கள். ஐஎஸ்ஓ கோப்பின் மேல் வலது சொடுக்கி, டிஸ்க் இமேஜாகத் திறந்தால் அது ஒரு டிவிடி போல விரியும். உள்ளே உள்ள எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு நகலெடுங்கள், இன்ஸ்டால்.விம் ஒன்றைத் தவிர. அதைத் தாண்டிப்போகச் சொல்லி நகலைத் தொடரலாம்.

அந்த ஒன்றுக்கு விம்டூல்ஸ் என்ற தொகுப்பு வேண்டும். உபுண்டுவின் தொகுப்புக் களஞ்சியத்திலேயே இருக்கிறது, மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளை வழியாக நிறுவிக்கொள்ளலாம். அதில் வரும் விம்லிப்-இமேஜெக்ஸ் என்ற கட்டளைக்கு ஸ்ப்ளிட் என்ற சொல், மூலக் கோப்பின் இடம், போய்ச் சேர வேண்டிய இடம், துண்டின் அளவு என்று நான்கையும் இதே வரிசையில் கொடுக்க வேண்டும். சேரும் இடம் பென்டிரைவின் சோர்சஸ் கோப்புறை, பெயர் இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம். முடிவு விம் அல்ல, எஸ்டபிள்யூஎம். இந்தப் பெயரில் தவறினால் நிறுவி தேடிக் கண்டுபிடிக்காது. அளவு 3800 என்று கொடுங்கள், அது எம்பி கணக்கு. அடுத்த துண்டுக்கு இன்ஸ்டால்2 என்ற பெயரை அதுவே வைத்துக்கொள்ளும்.

முடிந்துவிட்டது என்று திரை சொன்னவுடன் பிடுங்கிவிடாதீர்கள். லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பின்னணியில் மெதுவாகப் பென்டிரைவுக்கு இறக்கும். திரையில் நகல் முடிந்த பிறகும் மலிவான பென்டிரைவின் விளக்கு ஐந்து பத்து நிமிடம் சிமிட்டுவதைப் பார்க்கலாம். வெளியேற்றும் பொத்தானை அழுத்தி, எடுத்துக்கொள்ளலாம் என்ற செய்தி வரும்வரை பொறுத்திருங்கள்.

கட்டளை எழுதப் பயமாக இருந்தால் வென்டாய் இருக்கிறது. அதை ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், அதன் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணக் கோப்பு போல நகலெடுத்தால் போதும். பூட் ஆகும்போது எதை ஓட்டலாம் என்று பட்டியல் காட்டும். விண்டோஸ், உபுண்டு, மின்ட் எல்லாவற்றையும் ஒரே பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். என் சட்டைப்பையில் அப்படி ஒன்று எப்போதும் இருக்கிறது. ஆனால் நம்பகமான நிரலை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் வசதி இயங்கும் கணினியில் முதல் முறை ஒரு நீலத் திரை வந்து, சாவியைப் பதிவுசெய்யச் சொல்லும். பழக்கமில்லாதவர் அங்கே திகைத்து நிற்பார். ஒரே ஒரு கணினிக்கு ஒரே ஒரு முறை என்றால், மேலே சொன்ன துண்டாக்கும் முறையையே நான் பரிந்துரைப்பேன். அதில் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோப்புகளைத் தவிர நடுவில் வேறெதுவும் இல்லை. செக்யூர் பூட்டை அணைக்காமலே ஓடும்.

மாமாவின் அலுவலகத்துக்குப் போனதும், முன்பக்க யூஎஸ்பி துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். பனியன் யூனிட், தறிப்பட்டறை, நூல் மில் எதுவானாலும் நம் பக்கத்துக் கணினிகளில் பஞ்சு போகாத இடம் கிடையாது. சென்ற மாதம் சோமனூரிலிருந்து வந்த ஒரு கணினியின் யூஎஸ்பி துளையிலிருந்து ஊசிமுனையால் எடுத்த பஞ்சைச் சுருட்டினால் ஒரு சிறு திரி அளவுக்கு இருந்தது. பென்டிரைவ் பாதிதான் தொட்டுக்கொண்டிருந்தது. பட்டியலில் ஒருமுறை வரும், அடுத்த முறை வராது. ஆகவே பின்பக்கம், மதர்போர்டிலேயே நேராக இருக்கும் துளையில் செருகுங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் சிபியு விசிறியில் படிந்திருப்பதையும் தூரிகையால் தட்டிவிடுங்கள், மின்சாரத்தைத் துண்டித்த பிறகு.

கணினியை இயக்கிய உடனே பூட் பட்டியல் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா, ஜிகாபைட் ஆகியவற்றில் எஃப்12. எச்பியில் எஃப்9. எம்எஸ்ஐ மதர்போர்டில் எஃப்11, ஏசஸ் மதர்போர்டில் எஃப்8. ஏசர் மடிக்கணினிகளில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதை முதலில் பயோஸ் அமைப்புக்குள் போய் அனுமதிக்க வேண்டும். பட்டியலில் உங்கள் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வந்தால் யூஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவும்போது எங்கே போடுவது என்று கேட்கும் திரையில் புதிய எஸ்எஸ்டி மட்டும் காலி இடமாகத் தெரிய வேண்டும். எதுவுமே தெரியாவிட்டால் பதற வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல மடிக்கணினிகளில், டிஸ்க்கைக் கையாளும் விஎம்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லாததால் டிஸ்க் மறைந்திருக்கும். தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு கோப்புறையில் வைத்துக் காட்டினால் டிஸ்க் தெரியும். நீங்கள் சொன்ன அளவில் மாமாவின் மேசைக் கணினிக்கு இது தேவைப்படாது. யூபிஎஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவும் நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.

கணினி எந்த ஆண்டு வாங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் வேண்டும். டிபிஎம் இல்லை என்று சொன்னால், பயோஸ் அமைப்பில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் அணைந்து கிடக்கலாம், இயக்கிவிட்டால் போதும். கணினியே அதைவிடப் பழையது என்றால், விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வைத்து மாமாவோடு பேசுங்கள். கணக்கு மென்பொருள் உலாவியிலேயே ஓடும் வகையாக இருந்தால் லினக்ஸ் மின்ட் நல்ல தீர்வு. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டி, பில் அடிக்கும் பிரிண்டர் வேலை செய்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிடலாம். அதற்கான ஐஎஸ்ஓவை நீங்கள் முதல் முயற்சியில் செய்தது போல நேராக எழுதினால் போதும். விண்டோஸ் கணினியிலிருந்து செய்வதானால் ரூஃபஸ் என்ற மென்பொருள் அந்த வேலையை அழகாகச் செய்யும்.

இவ்வளவும் செய்து, பட்டியலில் பென்டிரைவ் வந்த பிறகும் கறுப்புத் திரையிலேயே நின்றால், மதர்போர்டின் பெயர், பயோஸ் பதிப்பு, பென்டிரைவின் சோர்சஸ் கோப்புறையில் உள்ள இரண்டு எஸ்டபிள்யூஎம் கோப்புகளின் அளவு ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.